குடும்பத்துக்கான சட்டம் என்றால் என்ன? மலையகத்தில் இருந்து ஓர் எளிய விளக்கம்

ஒன்பதாம் ஆண்டில் எங்களுக்கு ஒரு கட்டுரைத் தலைப்பு வந்தது: ‘நான் நாட்டின் தலைவரானால் குடும்ப வாழ்வு சிறக்க இயற்றும் சட்டங்கள்’. சாராயக் கடைகளை மூடுவேன், பிள்ளைகளை அடிப்பவர்களை உள்ளே போடுவேன், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கும் எல்லோருக்கும் தனி வீடு கட்டிக் கொடுப்பேன் என்று இரண்டு பக்கம் நிறைய எழுதினேன். டீச்சர் எதையும் வெட்டவில்லை, திருத்தவில்லை. அடியில் சிவப்பு மையால் இரண்டு கேள்வி எழுதியிருந்தார்: ‘காசு யார் கொடுப்பது? யார் போய்ப் பார்ப்பது?’

அந்த இரண்டு கேள்வியையும் நான் இன்னும் விடவில்லை. புதிய சட்டம் ஒன்று வருகிறது என்று யார் சொன்னாலும் முதலில் அவற்றுக்குத்தான் பதில் தேடுகிறேன். குடும்பத்துக்கான சட்டம் என்றால் என்ன என்று புதிதாகத் தெரிந்துகொள்ள நினைப்பவருக்கும் இதே வழியில் போவது சுலபம்.

முதலில் ஒரு சிறிய வட்டம். குடும்பச் சட்டம் என்று வழக்கறிஞர்கள் சொன்னால் கல்யாணம், பிரிவு, பிள்ளை யாரிடம் இருப்பது, தாபரிப்பு (மனைவி, பிள்ளையின் செலவுக்குக் கொடுக்கும் காசு), சொத்து ஆகியவற்றைத்தான் சொல்கிறார்கள். இலங்கையில் இதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. கண்டிச் சிங்களவர் விரும்பினால் தங்களுக்கென்று உள்ள 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் கல்யாணத்தைப் பதியலாம். முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துக்குத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம். மலையகத் தமிழருக்கு, அதாவது தோட்ட வேலைக்கு இந்தியாவில் இருந்து வந்தவர்களின் வழிவந்தவர்களுக்கு, இந்த மூன்றும் பொருந்தாது, நாட்டின் பொதுச் சட்டந்தான். கல்யாணத்துக்கு 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், வாரிசுரிமைக்கு 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய சொத்தில் பாதி கணவனுக்கோ மனைவிக்கோ, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு என்ற விதி அந்த 1876ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து வருவது.

அப்புறம் பெரிய வட்டம். இதில் உள்ள சட்டங்களின் தலைப்பில் ‘குடும்பம்’ என்ற சொல் அநேகமாக இருக்காது. ஆனால் அம்மா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார், அப்பா எந்த ஊரில் வேலை செய்வார், பாட்டி எந்த நாட்டில் சாவார் என்பதையெல்லாம் இவைதான் தீர்மானிக்கின்றன. தோட்டத்தில் பிறந்தவர்களின் வாழ்க்கையை அதிகம் தொட்டது இந்தப் பெரிய வட்டம். அதனால் நானும் இதைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப் போகிறேன்.

நாற்பத்திரண்டு நாள்

என் அம்மா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். தம்பி பிறந்தபோது எனக்கு எட்டு வயது. லீவு முடிந்து அம்மா மறுபடி மலைக்குப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடிய ஐந்து மணிக்கே அடுப்பு எரிந்தது. ரொட்டி சுட்டு எங்களுக்கு மூடி வைத்துவிட்டு, தம்பியைப் பழைய சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனார். அங்கே கூரை மரத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஒரு ஆயா, பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். தம்பிக்குத் தலைகூட நிற்காது. கையில் வாங்கும்போது ஆயா கழுத்தைத் தாங்கித்தான் வாங்கினார்.

மேல் மலையில் வேலை விழுந்தால், பால் கொடுக்க இறங்கி வரவே இருபது நிமிஷம் ஆகும். ஏறிப் போக அதைவிடக் கூட. பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வரும்போது, இடுப்பில் கட்டிய படங்குக்கு மேலே சட்டை முன்பக்கம் நனைந்திருக்கும். மழையில் நனைந்தது என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

தம்பி மூன்றாவது பிள்ளை. இந்த ஒரு விஷயந்தான் அவனுக்குக் கிடைத்த நாட்களைத் தீர்மானித்தது. நம் நாட்டில் தோட்டத் தொழிலாளிப் பெண்களின் மகப்பேற்று லீவு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தில் இருந்து வருகிறது. அப்போது அந்தச் சட்டப்படி முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 84 நாள், மூன்றாவதில் இருந்து 42 நாள். 2018இல் சட்டத்தைத் திருத்தி அந்த வேறுபாட்டை நீக்கினார்கள். இன்றைக்கு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். தம்பி பிறந்தபோது இந்தத் திருத்தம் வர இன்னும் பல வருசம் இருந்தது. சில வாரக் குழந்தையாக அவன் அந்தத் தொட்டிலுக்குப் போனான்.

இந்தச் சட்டத்தில் இன்னொரு நல்ல விதி இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, தாய்க்கு வேலை நேரத்திலேயே நாளுக்கு இரண்டு தடவை பால் கொடுக்க இடைவேளை தர வேண்டும். பிள்ளைக்காம்பரா இருக்கிற இடம் என்றால் ஒவ்வொரு தடவையும் குறைந்தது அரை மணி நேரம். இல்லாத இடம் என்றால் ஒரு மணி நேரம். இது தயவு பார்த்துக் கொடுக்கும் சலுகை கிடையாது, சட்டப்படி அவருக்கு உரியது. கொடுக்காவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

சரி, இங்கே டீச்சரின் இரண்டு கேள்விக்கும் என்ன பதில்? போய்ப் பார்க்க வேண்டியவர் தொழில் அதிகாரி. காசு கொடுப்பவர் முதலாளி, அவர் மட்டுந்தான். கோளாறு தொடங்குவதும் இந்த இடத்தில்தான். பெண்ணை வேலைக்கு எடுத்தால் நமக்குத்தான் செலவு என்று முதலாளி கணக்குப் போடுகிறார். இப்போது தோட்டங்களில் ஒரு துண்டுத் தேயிலையைக் குடும்பத்திடம் ஒப்படைத்து, கொண்டுவரும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு கொடுக்கும் முறை பரவி வருகிறது. அவுட்குரோவர் முறை என்பார்கள். கையில் கூடுதலாகக் காசு பார்க்க முடிகிறது என்று அதை விரும்புகிறவர்கள் உண்டு, அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணைத் தொழிலாளி என்று கணக்கில் எடுக்காவிட்டால், அவருக்கு மகப்பேற்றுச் சம்பளம் கொடுக்கச் சட்டப்படி யாரும் இல்லை.

ஆகவே நான் தலைவரானால் முதலில் கொண்டுவருவது ஒரு நிதி. ஊழியர் சேமலாப நிதியை எல்லோருக்கும் தெரியும்: தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். அதே மாதிரி ஆணை வேலைக்கு வைத்திருப்பவர், பெண்ணை வைத்திருப்பவர் என்று பாராமல் எல்லா முதலாளிகளும் ஒரு சிறு வீதம் கட்ட வேண்டும், அரசும் ஒரு பங்கு போட வேண்டும். பிள்ளை பெறும் தாய்க்கு அந்த நிதியில் இருந்து சம்பளம் போகும், அவர் பேர் போட்டு (நாட்சம்பளத்துக்கு) வேலை செய்தாலும் சரி, கிலோக் கணக்கில் செய்தாலும் சரி. அப்படிச் செய்தால் பெண்ணை எடுக்காமல் விடுவதால் எந்த முதலாளிக்கும் ஒரு சதம் மிச்சமாகாது.

நிதி வந்தால் நாளைக் கூட்டலாம். ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்லிக் கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது. சட்டம் கொடுப்பதோ 84 நாள், அதில் 14 நாள் பிரசவத்துக்கு முந்தியது. மீதி 70 நாள். ஆறு மாதத்துக்கு 180 நாள் வேண்டும், 70தான் கையில் இருக்கிறது. அதே தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் அரசாங்க டீச்சருக்கு 84 நாள் முழுச் சம்பளத்தோடு, இன்னும் 84 நாள் அரைச் சம்பளத்தோடு, விரும்பினால் மேலும் 84 நாள் சம்பளமில்லாமல் லீவு உண்டு. டீச்சருக்குக் கிடைப்பது நியாயமானது. பாதையின் மறுபக்கத்தில் கூடையோடு நிற்பவரின் பிள்ளைக்கும் அதே பசிதானே? இந்தியா 2017இல் 26 வாரமாக்கியது. அங்கேயும் மூன்றாவது பிள்ளைக்கு 12 வாரந்தான். அந்த விஷயத்தில் நம் சட்டம் நல்லது.

அப்பாக்களைப் பற்றியும் ஒரு சொல். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவருக்கு மூன்று நாள் லீவு உண்டு. தனியார் துறையில் வேலை செய்யும் தந்தைக்குச் சட்டம் ஒரு நாளும் தரவில்லை. சுவீடனில் தாய் தந்தை இருவருக்கும் சேர்த்து 480 நாள், அதில் 90 நாளைத் தந்தை எடுக்காவிட்டால் அந்த நாட்கள் வீணாகிவிடும். நாம் இரண்டு வாரத்தில் தொடங்கலாம். அதற்கும் அதே நிதிதான்.

ஒரு தலைவர் நினைத்தால் போதுமா?

போதாது. இலங்கையில் சட்டம் இயற்றுவது பாராளுமன்றம். சனாதிபதி தன் அமைச்சரவை மூலம் ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவரச் செய்யலாம், அவ்வளவுதான். அது வர்த்தமானியில் வெளிவந்து, சபைக்கு வந்து, வேண்டுமானால் யாராவது உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்டு, 225 பேர் உள்ள சபையில் வாக்கெடுத்து, சபாநாயகர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சட்டமாகும்.

ஆனால் நம் வாழ்க்கையில் வந்து விழும் எல்லா விதியும் அந்தப் பாதையில் வருவதில்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவானது சம்பள நிர்ணய சபையின் வழியாக வந்த ஒரு வர்த்தமானி அறிவித்தலால். அதற்கும் கீழே சுற்றறிக்கை இருக்கிறது: ஒரு திணைக்களம் தன் உத்தியோகத்தர்களுக்கு அனுப்பும் கடிதம். சபையில் யாரும் விவாதிக்காமல், வாக்கெடுப்பு இல்லாமல், ஒரு கடிதம் ஒரு வீட்டையே புரட்டிப் போடலாம். அப்படி ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு பழைய சட்டத்தைச் சொல்ல வேண்டும்.

குடும்பத்தைப் பிரித்த சட்டம்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தில் குடும்ப வாழ்க்கை என்று ஒரு சொல்கூட இருக்காது. தகப்பன் இங்கே பிறந்தவர் என்று பத்திரத்தால் காட்டச் சொன்னது, அவ்வளவே. பிறப்புப் பத்திரமே இல்லாத தோட்டத்து மக்கள் எதைக் காட்டுவார்கள்? நாடற்றவர்களானார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது, 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள்.

என் அம்மாயியின் (அம்மாவின் அம்மா) தங்கச்சி அப்படிப் போனவர். கல்யாணம் கட்டிய வீட்டார் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிவிட்டார்கள், அம்மாயி இலங்கைக் குடியுரிமைக்கு எழுதியிருந்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள். தலைமன்னாருக்குப் போகும் கோச்சியில் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கு அம்மாயி பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லையாம். தங்கச்சி தமிழ்நாட்டுக் கூடலூரில் தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். பத்து வருசத்துக்கு மேல் நீலநிறக் கடித உறைகள் வந்தன. பிறகு நின்றுவிட்டன. மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினையை முடிக்க 2003இல்தான் ஒரு சட்டம் வந்தது. அப்போது அம்மாயி உயிரோடு இல்லை.

சட்டத்தால் வீட்டுக்குள்ளே என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். பிரிக்க முடிந்திருக்கிறது. அதனால் சேர்த்து வைக்கவும் முடியும் என்று நம்புகிறேன்.

இப்போது அந்தக் கடிதம். வீட்டுவேலைக்குப் போயிருந்த மூதூர்ப் பெண் ரிசானா நபீக்குக்கு 2013 சனவரியில் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாடே துடித்தது. அதே ஆண்டில் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்குக் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ கட்டாயமானது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போகக் கூடாது. 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளைக்காகச் செய்தது, எண்ணம் நல்லதுதான் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தகப்பனிடம் யாரும் அந்த அறிக்கையைக் கேட்கவில்லை. வீட்டில் அடுப்பெரியாததால்தான் ஒரு தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ போக நினைக்கிறார். போகாதே என்று சொன்ன கடிதம், போகாமல் இருந்தால் எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லவில்லை. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இருந்து சில பெண்கள் விசிட் விசாவில் தரகர் கையைப் பிடித்துப் போனார்கள். பதிவில்லாமல் போனால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் காப்புறுதியும் இல்லை, பிரச்சினை வந்தால் தேட ஆளும் இல்லை.

குடும்பத்துக்கான சட்டம் என்று ஒன்றைக் காட்டினால், நான் பார்ப்பது இதைத்தான்: அது யார் கையைக் கட்டுகிறது? தாயின் கையை மட்டும் கட்டினால் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். தடைக்குப் பதிலாக என் சட்டத்தில் இருப்பது வேறு. தாயோ தகப்பனோ வெளிநாடு போனால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாயிக்கோ சித்திக்கோ மாதாமாதம் ஒரு தொகை, பணியகம் அறவிடும் பதிவுக் கட்டணத்தில் இருந்து. பிரதேச செயலகத்தின் சிறுவர் உத்தியோகத்தர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்க்க வேண்டும், பாடசாலை வரவையும் சேர்த்து.

கடதாசி

எங்கள் பக்கம் கல்யாணம் கோயிலில் ஊர் கூடி நடக்கும். பதிவு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள், சில வீடுகளில் அந்தப் ‘பிறகு’ வருவதே இல்லை. எல்லாம் நன்றாக இருக்கும்வரை இதனால் ஒன்றும் ஆகாது. கணவன் விட்டுப் போனாலோ இறந்தாலோதான் பத்திரம் கேட்பார்கள். 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டப்படி, கல்யாணம் பதிந்தாலும் பதியாவிட்டாலும் பிள்ளைக்குத் தகப்பனிடம் காசு கேட்கலாம். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை என்றால் 25 வயதுவரை கேட்க இடமுண்டு. நீதவான் சம்பளத்தில் இருந்தே கழிக்கச் சொல்லவும் முடியும். ஆனால் மனைவி தனக்கென்று கேட்க வேண்டுமானால் மனைவி என்று நிரூபிக்க வேண்டும். பத்திரம் இல்லாமல் கோயில் கல்யாணத்தை நிரூபிக்க ஐயரையும் சாட்சிகளையும் தேடி அலைய வேண்டும். பதிவாளர் மாதம் ஒரு நாள் தோட்டத்துக்கே வரவேண்டும், கட்டணம் இல்லாமல். இதை ஒரு சட்டம் என்று சொல்வதே கூடுதல், சுற்றறிக்கையே போதும்.

அடி உதையைப் பற்றி: 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நல்ல சட்டம். பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அது 12 மாதம்வரை நிற்கும். சேர்ந்து வாழ்கிறவராக இருந்தாலே போதும், விவாகப் பத்திரம் தேவையில்லை. உடம்பில் காயம் இல்லாமல் மனதைச் சித்திரவதை செய்வதும் இதில் அடங்கும். இங்கே தடுமாற்றம் இரண்டாவது கேள்வியில்தான். எங்கள் லயத்து அக்கா ஒருவர் முறைப்பாடு கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். அவர் தமிழில் சொன்னதை வேறு மொழியில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டோம். நேரமாகிறது என்றார்கள். தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. சொன்ன மொழியில் எழுதாத வாக்குமூலம் செல்லாது என்று ஒரு வரியை இந்தச் சட்டத்தில் சேர்ப்பேன்.

கடைசியாக வீடு. லயத்துக் காம்பராவை விட்டுத் தனி வீட்டுக்குப் போகக் குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணி என்று பேசி வருகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வீடுகளும் எழும்பி வருகின்றன. அந்தப் பத்திரம் யார் பெயரில் என்பதை அதிகம் பேர் கேட்பதில்லை. குடும்பத் தலைவர் யார் என்று கேட்டால் நம் வாயில் ஆணின் பெயர்தான் முதலில் வரும். நாட்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே 1935இல் இருந்து வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னால் மகனை வைத்திருந்தது, 2022இல்தான் அதைத் திருத்தினார்கள். குடித்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டால் அம்மாவும் பிள்ளைகளும் பக்கத்து வீட்டு ஸ்தோப்பில் (திண்ணையில்) படுத்த இரவுகளை லயத்தில் வளர்ந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புதிய வீட்டிலும் கதவு ஒருவர் பெயரிலேயே இருந்தால் அந்த இரவு மாறாது.

ஆகவே தோட்டத்தில் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டுறுதியிலும் கணவன் மனைவி இரண்டு பெயரும் இருக்க வேண்டும், இருவரும் கையெழுத்துப் போடாமல் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. காசு யார் கொடுப்பது? இதற்குக் காசு வேண்டாம், படிவத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விட்டால் போதும். யார் போய்ப் பார்ப்பது? யாரும் எங்கேயும் போக வேண்டியதில்லை. இரண்டாவது பெயர் இல்லாமல் வரும் படிவத்தை, பிரதேச செயலகத்தில் அதை வாங்கும் உத்தியோகத்தரே அந்த இடத்தில் வைத்துத் திருப்பிக் கொடுக்கலாம்.